உயிர் காலேஜ் இருந்த பூங்கா

சென்னை சென்ட்ரல் ரயில் நிலையத்துக்கு மேற்கே, பூந்தமல்லி நெடுஞ்சாலையின் வட ஓரத்தில் தொடங்கிப் பெரியமேடு வரை பரந்து கிடந்தது பீப்பிள்ஸ் பார்க். 1859-ல் மதராஸ் கவர்னராக வந்த சர் சார்லஸ் டிரெவெலியன் திட்டமிட்ட பொதுப் பூங்கா அது. பரப்பு சுமார் 116 ஏக்கர். காஞ்சிபுரத்து வாசகருக்கு ஊர்க் கணக்கில் சொல்வதானால், வரதராஜப் பெருமாள் கோயில் வளாகத்தைப் போல ஐந்து மடங்கு. உள்ளே பதினொரு குளங்கள் இருந்தன. வண்டி போகவும் நடக்கவும் ஐந்து மைலுக்கு மேல் சாலைகள் இருந்தன. பாண்டு வாத்தியம் இசைக்க ஒரு மேடை, டென்னிஸ் திடல்கள், பொதுக் குளியலிடம் எல்லாம் இருந்தன. சில ஆண்டுகளில் மிருகக்காட்சிசாலையும் வந்து சேர்ந்தது. இன்று அதே நிலத்தில் ரிப்பன் மாளிகை, விக்டோரியா பொது மண்டபம், நேரு விளையாட்டரங்கம், புறநகர் ரயில் முனையம், அல்லிக்குளம் வணிக வளாகம் ஆகியவை நிற்கின்றன. பூங்கா என்று காட்டுவதற்கு மை லேடீஸ் பூங்கா என்ற ஒரு துண்டு எஞ்சியிருக்கிறது.

இப்படியொரு பூங்கா தேவைப்பட்ட காரணம் அதன் கிழக்கே இருந்தது. கோட்டைக்கு வடக்கே அமைந்து, பின்னாளில் ஜார்ஜ் டவுன் எனப் பெயர் மாறிய பிளாக் டவுன் அன்றைய சென்னையில் மிக நெரிசலான பகுதி. 1758 டிசம்பரில் லாலியின் தலைமையில் வந்த பிரெஞ்சுப் படை நகரை முற்றுகையிட்டுச் சூறையாடியது. அந்த அச்சம் ஆறாத கம்பெனி நிர்வாகம் அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் பிளாக் டவுனைச் சுற்றி மதில் எழுப்பியது. மதிலுக்கு ஆன செலவைக் குடியிருப்போரிடம் வரியாக வாங்கலாம் என்று யோசித்து, பிறகு கைவிட்டார்கள். ஒரு காசும் வசூலாகாத அந்த வரியின் பெயர்தான் வால்டாக்ஸ் சாலையாக நிலைத்துவிட்டது. மதிலுக்குள் கிடங்கும் கடையும் கோயிலும் குடித்தனமும் ஒன்றை ஒன்று நெருக்கிக்கொண்டு வளர்ந்தன. காற்று வாங்கக் கடற்கரைப் பக்கம்தான் போகவேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் மதிலின் தேவை தீர்ந்து, மேற்கே கிடந்த திறந்த நிலத்தின் மீது நிர்வாகத்தின் பார்வை விழுந்தது.

டிரெவெலியன் மதராஸில் இருந்தது 1859 மார்ச் முதல் 1860 ஜூன் வரை மட்டுமே. 1845-க்குப் பிந்தைய அயர்லாந்துப் பஞ்சத்தில் நிவாரணத்தைக் கையாண்ட விதத்துக்காக இன்றளவும் கடுமையாக விமர்சிக்கப்படும் அதே அதிகாரி அவர். மதராஸில் அவர் வேறொரு முகத்தைக் காட்டினார். கல்கத்தாவில் நிதிப் பொறுப்பில் இருந்த ஜேம்ஸ் வில்சன் வருமான வரி கொண்டுவர முனைந்தபோது, அது இந்தியருக்குப் பொருந்தாது என்று டிரெவெலியன் எழுதிய குறிப்பைப் பத்திரிகைகளில் வெளியிடவும் செய்தார். அதற்காகவே திருப்பி அழைக்கப்பட்டார். அவர் கப்பலேறிய பிறகுதான் பூங்கா முழு உருவம் பெற்றது. விக்டோரியா பொது மண்டப வளாகத்தில் இருக்கும் டிரெவெலியன் நீரூற்று அவர் நினைவாக எழுந்தது.

பூங்காவின் பெயரிலேயே ஒரு கொள்கை இருந்தது. இங்கிலாந்தில் பொதுப் பணத்தில் பொதுமக்களுக்காக அமைத்த முதல் பெரிய பூங்காவாகிய பர்க்கன்ஹெட் பூங்கா 1847-ல்தான் திறக்கப்பட்டது. நியூயார்க்கின் சென்ட்ரல் பார்க்கில் முதல் பகுதி மக்களுக்குத் திறந்தது 1858-ன் குளிர்காலத்தில். தொழிற்சாலைப் புகையில் வதங்கும் நகரத்துக்கு நுரையீரல் வேண்டும் என்ற எண்ணம் அப்போதுதான் உலகில் பரவத் தொடங்கியிருந்தது. அந்த அலை மதராஸுக்கு வந்து சேர ஓராண்டுகூட ஆகவில்லை. பெங்களூரின் கப்பன் பூங்கா பிறந்தது 1870-ல். அந்த வகையில் பெங்களூரை மதராஸ் முந்திக்கொண்டது.

இப்பூங்கா தமிழ் நாட்டுக்குப் புதிதாகக் கொண்டுவந்தது மரத்தையோ குளத்தையோ அல்ல. கா, பொழில், சோலை, தோப்பு, நந்தவனம் என்று மரக்கூட்டத்துக்கு இத்தனை சொற்கள் வைத்திருக்கும் மொழி இது. திருவானைக்கா, திருநெல்லிக்கா என்று ‘கா’வில் முடியும் ஊர்களே பல. காஞ்சிபுரத்திலேயே தூப்புலில் விளக்கொளிப் பெருமாள் கோயில் கொண்ட தலத்தின் பழம்பெயர் திருத்தண்கா, அதாவது குளிர்ந்த சோலை. மணிமேகலைக் காப்பியத்தில் அவள் கச்சி மாநகருக்கு வரும்போது, அரசன் அங்கே அமைத்த பொய்கையும் பொழிலும் பேசப்படுகின்றன. ‘பூங்கா’ என்ற சொல்லும் இருபதாம் நூற்றாண்டில் நகராட்சிக்காரர்கள் புதிதாக உண்டாக்கியதன்று; பூவும் காவும் சேர்ந்த பழைய கூட்டு. ‘பார்க்’ என்ற சொல் வந்து உட்கார்ந்தபோது, அதற்கு ஈடு சொல்லத் தமிழ் எங்கும் தேடிப் போகவேண்டியிருக்கவில்லை.

ஆனால் சோலையின் மீது யாருக்கு உரிமை என்பது ஒவ்வொரு காலத்திலும் வேறாக இருந்தது. சென்ற பகுதியில் கண்ட காஞ்சித் தோப்புகளும் தீர்த்தங்களும் கோயிலைச் சார்ந்தவை. சித்ரா பௌர்ணமியில் வரதர் ஐயங்கார்குளத்துக்கு எழுந்தருளி, படியிறங்கி நடவாவிக் கிணற்றுக்குள் போகிறார். மாட்டுப் பொங்கலன்று பாரிவேட்டைக்குப் பழையசீவரம் போகிறார். கூடவே ஊரே போகிறது. ஆண்டுக்கு ஒரு நாள் சுவாமி வந்து இறங்கும் இடத்தை வளைத்துக் கட்டடம் எழுப்ப ஒருவரும் எளிதில் துணியமாட்டார்கள். வழிபாடே அந்த நிலத்துக்குப் பத்திரமாக இருந்தது. அதே வேளையில் அந்த உரிமை எல்லோருக்கும் சமமாகக் கிடைக்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். 1947-ன் கோயில் நுழைவுச் சட்டம் வரும் வரை கோயில் மதிலுக்குள் இருந்த நந்தவனமும் தீர்த்தமும் பலருக்கு வெளியிலிருந்து பார்க்கவேண்டியவையாகவே இருந்தன.

நெசவாளர் ஊர்களுக்கு இன்னொரு வகைப் பொதுவெளியும் உண்டு. பல முழ நீளமுள்ள பாவு நூலை விரித்துக் கஞ்சி போட வீட்டுக்குள் இடம் போதாது. சேலம் பக்கம் அதற்கென்றே ஊர்ப் பொதுவில் பாவடி என்ற திடல் விட்டிருப்பார்கள். காஞ்சிபுரத்தில் பிள்ளையார்பாளையம் போன்ற பகுதிகளில் தெருவே பாவடி. விடியற்காலையில், வெயில் ஏறுவதற்கு முன், தெருவின் நடுவே பட்டுப் பாவை இழுத்துக் கட்டி, வீட்டார் இருபுறமும் நின்று இழை இழையாகப் பிரித்து, அறுந்ததை முடிந்து, கஞ்சி போட்டுக் காயவிடுவார்கள். அந்த நேரத்தில் வருகிறவர்கள் பாவு தட்டாமல் ஓரமாகத்தான் போகவேண்டும். வண்டிக்காரனும் இறங்கித் தள்ளிக்கொண்டு போவான். எழுதிவைத்த சட்டம் எதுவும் இதற்குப் பின்னால் இல்லை. தெரு அந்த நேரத்துக்குப் பாவுக்குச் சொந்தம் என்று எல்லோருக்கும் தெரியும்.

பீப்பிள்ஸ் பார்க்கில் இந்த இரண்டு காவலும் கிடையாது. அதன் உரிமையாளர் நகராட்சி. அதன் பயனாளி ‘மக்கள்’. பண்டிகை நாளில் வந்து உரிமை கோரச் சுவாமி இல்லை, தொழிலுக்காக அந்த இடத்தை நம்பியிருந்த தெருவும் இல்லை. பொது என்ற ஒரே சொல்தான் அதற்கு வேலி. அடுத்த நூற்றிருபது ஆண்டுகளில் அந்தப் பூங்காவுக்கு நேர்ந்ததெல்லாம் அந்தச் சொல்லை வைத்தே நேர்ந்தது.

மக்கள் மனத்தில் பூங்காவை நிலைநிறுத்தியது அங்கே வந்த விலங்குகள். அதற்குக் காரணம் எட்வர்ட் பால்ஃபர் என்ற ராணுவ மருத்துவர். 1851-ல் கல்லூரிச் சாலையில், செயின்ட் ஜார்ஜ் கோட்டைக் கல்லூரிக் கட்டடத்தில் அரசு அருங்காட்சியகம் தொடங்கியபோது பொறுப்பேற்றவர் அவர். மரங்களுக்கும் மழைக்கும் மண்ணின் ஈரத்துக்கும் உள்ள தொடர்பு பற்றி 1849-லேயே கட்டுரை எழுதியவர். அருங்காட்சியகம் எழும்பூரில் பாந்தியன் என்ற கட்டடத்துக்கு மாறிய பிறகு, உயிருள்ள விலங்கு இருந்தால் கூட்டம் அதிகம் வருகிறது என்று கண்டுகொண்டார். கர்நாடக நவாப் தம்மிடமிருந்த விலங்குகளை அவருடைய வேண்டுகோளின்பேரில் அளித்தார். ஓராண்டுக்குள் பாலூட்டிகள், பறவைகள், ஊர்வன என்று முந்நூறுக்கு மேற்பட்ட உயிர்கள் சேர்ந்தன. பாந்தியன் தாங்கவில்லை. 1861-ல் விலங்குகள் நகராட்சியின் பொறுப்புக்கு மாறி, புதிய பூங்காவுக்கு இடம்பெயர்ந்தன. கட்டணம் எதுவும் கிடையாது.

அருங்காட்சியகம் கல்லூரிக் கட்டடத்தில் பிறந்ததால் ‘காலேஜ்’ என்ற சொல் அதோடு ஒட்டிக்கொண்டது. பாடம் செய்து வைத்த விலங்குகள் இருந்த எழும்பூர் அருங்காட்சியகத்தைச் சென்னை மக்கள் செத்த காலேஜ் என்றார்கள்; பூங்காவிலிருந்த மிருகக்காட்சிசாலையை உயிர் காலேஜ் என்றார்கள். இரண்டு அரசு நிறுவனங்களை இவ்வளவு கச்சிதமாகப் பிரித்துச் சொன்ன வேறு பெயர்கள் சென்னைத் தமிழில் அபூர்வம். பட்டணம் பார்க்க வருகிறவர்கள் ‘செத்த காலேஜ், உயிர் காலேஜ்’ இரண்டையும் பார்த்துவிட்டுப் போவது வழக்கமாயிற்று.

பட்டணம் பார்ப்பது காஞ்சிபுரத்தாருக்கு எளிதானதும் இதே காலத்தில்தான். ராயபுரத்திலிருந்து அரக்கோணம் வழியாக வாலாஜா சாலை வரை 1856-ல் ரயில் ஓடத் தொடங்கியது. 1865-ல் அரக்கோணத்திலிருந்து காஞ்சிபுரத்துக்கு இந்தியன் டிராம்வே கம்பெனி கிளைப்பாதை போட்டது. 1873-ல் சென்ட்ரல் நிலையம் திறந்தபோது, அரக்கோணத்தில் வண்டி மாறி வந்த பயணி பூங்காவின் வாசலிலேயே இறங்கினார். பட்டு மூட்டையோடு சௌகார்பேட்டைக்கும் கோவிந்தப்ப நாயக்கன் தெருவுக்கும் போகவேண்டியவர்களுக்கும், பக்கத்திலிருந்த பொது மருத்துவமனைக்கு வந்தவர்களுக்கும், இளைப்பாற மரநிழல் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. ரயில் நிலையத்தை ஒட்டி இவ்வளவு பெரிய பூங்கா இருந்த வாய்ப்பு இந்தியாவில் மிகச் சில நகரங்களுக்கே கிடைத்தது. அந்த அண்மையே பிற்பாடு பூங்காவுக்கு எமனாகவும் ஆனது.

ஆண்டு முடிவில் பூங்காவில் பெரிய கண்காட்சி நடக்கும். கிறிஸ்துமஸை ஒட்டித் தொடங்கிப் புத்தாண்டு வரை நீளும். கடைகள், கேளிக்கைகள், நாடகக் கொட்டகைகள் என்று நகரமே அங்கே திரளும். 1886 டிசம்பர் 31 அன்று அந்தக் கண்காட்சியில் தீப்பிடித்தது. எளிதில் பற்றும் பொருள்களால் ஆன தற்காலிகக் கொட்டகைகள் நொடியில் எரிந்தன. வெளியேற வழி தெரியாமல் நெரிசலில் சிக்கியும் தீயில் வெந்தும் நூற்றுக்கணக்கானோர் இறந்தார்கள். சென்னை கண்ட தீவிபத்துகளில் மிகக் கொடியவற்றுள் இது ஒன்று. புத்தாண்டு விடிந்தபோது பிளாக் டவுனின் பல வீடுகளில் துக்கம். இத்தனை உயிர்கள் போன இடம் அது என்பது சென்ட்ரலைக் கடந்து போகிறவர்களில் அநேகருக்குத் தெரியாது.

நிலம் கைமாறத் தொடங்கியது 1880-களில். நகருக்கு ஒரு டவுன் ஹால் வேண்டும் என்று 1882-ல் பச்சையப்பன் மண்டபத்தில் கூடிய பிரமுகர்கள் முடிவு செய்தார்கள். இடம் தேடி அலையவேண்டியிருக்கவில்லை. பூங்காவிலிருந்து 57 கிரவுண்டு நிலத்தை நகராட்சி 99 ஆண்டுக் குத்தகைக்குக் கொடுத்தது. கிரவுண்டுக்கு ஆண்டு வாடகை எட்டணா. 1883 டிசம்பரில் விஜயநகரம் மகாராஜா அடிக்கல் நாட்டினார். ராபர்ட் ஃபெல்லோஸ் சிஷோல்ம் வரைந்து கொடுக்க, நம்பெருமாள் செட்டியார் கட்டி முடித்த செங்கல் மாளிகை விக்டோரியா மகாராணியின் பொன்விழாவை ஒட்டி விக்டோரியா பொது மண்டபம் ஆயிற்று. பம்மல் சம்பந்த முதலியாரின் சுகுண விலாச சபை நாடகங்கள் போட்ட மேடை அது. சென்னையில் சலனப்படம் முதன்முதலாகக் காட்டப்பட்டதும் அங்கேதான். தமிழ் நாடக வரலாற்றில் அந்த மண்டபத்தைத் தவிர்த்துவிட்டுப் பேசமுடியாது. 57 கிரவுண்டு என்பது மூன்று ஏக்கருக்குச் சற்றே அதிகம். 116-ல் மூன்று போனால் யாருக்கும் தெரியாது.

அடுத்தது சந்தை. பிராட்வேயிலிருந்த பழைய சந்தை சுகாதாரக்கேடு என்று கருதப்பட்டதால், அங்கிருந்த வியாபாரிகளுக்கு மாற்றிடம் தேவைப்பட்டது. மாநகராட்சித் தலைவர் சர் ஜார்ஜ் மூர் 1898-ல் பூங்காவின் தென்கிழக்கு மூலையில் அடிக்கல் நாட்டினார். 1900-ல் கவர்னர் ஹேவ்லாக் திறந்துவைத்தார். நடுவே முற்றம் விட்டு நாற்புறமும் கடைகள் சூழ்ந்த அந்தச் சிவப்புக் கட்டடம் மூர் மார்க்கெட் எனப் பெயர் பெற்றது. தமிழ் எழுத்தாளர்களும் ஆய்வாளர்களும் அந்த முற்றத்துக்குப் பட்ட கடன் கொஞ்சமல்ல. பழைய புத்தகக் கடைகளில் குவியலுக்குள் கைவிட்டுத் துழாவி, மட்டை கிழிந்த முதற்பதிப்பு ஒன்றை உருவி எடுத்து, விலை கேட்பதற்கு முன் முகத்தில் ஆசை தெரியாமல் பார்த்துக்கொள்ளவேண்டும். தெரிந்துவிட்டால் கடைக்காரர் விலையை ஏற்றிவிடுவார். கிராமபோன் தட்டு, கூண்டுப் பறவை, பழைய கடிகாரம் எல்லாம் பக்கத்துக் கடைகளில் கிடைத்தன.

பிறகு மாநகராட்சியே பூங்காவுக்குள் குடிபுகுந்தது. 1688-ல் பிறந்த அந்த நிர்வாகத்துக்குத் தகுந்த தலைமையகம் கட்ட 1909 டிசம்பர் 11 அன்று வைசிராய் மிண்டோ அடிக்கல் நாட்டினார். ஜி.எஸ்.டி. ஹாரிஸ் வடிவமைக்க, பி. லோகநாத முதலியார் ஏழரை லட்சம் ரூபாயில் கட்டினார். 1913 நவம்பர் 26 அன்று அடுத்த வைசிராய் ஹார்டிஞ்ச் திறந்துவைத்தார். உள்ளாட்சிக்கு வழிகோலிய ரிப்பன் பிரபுவின் பெயர் சூட்டப்பட்டது. பூங்காவைக் காக்கவேண்டிய அமைப்பின் வீடே பூங்காவில் எழுந்ததும், மற்றவர்களுக்கு இடமில்லை என்று சொல்லும் தார்மிக பலம் அதற்குக் குறைந்துவிட்டது.

விளையாட்டும் தன் பங்கைக் கேட்டது. மாநகராட்சி விளையாட்டரங்கம் பூங்காவின் வட பகுதியில் அமைந்தது. 1956 ஜனவரியில் நியூசிலாந்துக்கு எதிராக நடந்த டெஸ்ட் போட்டியில் வினு மன்கட் 231, பங்கஜ் ராய் 173 எடுத்து, முதல் விக்கெட்டுக்கு 413 ரன் சேர்த்தது இங்கேதான். அந்த உலக சாதனை 2008 வரை உடையவில்லை. அரங்கம் 1993-ல் புதிதாக எழுப்பப்பட்டு, 1995-ல் தெற்காசிய விளையாட்டுப் போட்டிகள் நடந்தன. இன்று அதன் பெயர் ஜவஹர்லால் நேரு விளையாட்டரங்கம்.

இந்த வரிசையில் தேவையற்ற கட்டடம் என்று ஒன்றைக்கூடச் சுட்டமுடியாது. மண்டபம், சந்தை, மாநகராட்சி, விளையாட்டரங்கம் நான்கும் ஊருக்கு வேண்டியவை, நான்கும் பொது. தனியார் எவரும் வேலியைப் பிடுங்கி உள்ளே வரவில்லை. ஒவ்வொரு முறையும் ‘பொது நன்மை’ கேட்டது, ‘பொது நிலம்’ கொடுத்தது. மரம் நின்ற வெற்றிடத்தை யாரும் பயன்பாட்டில் உள்ள இடமாகக் கணக்கில் எடுக்கவில்லை. கட்டடத்துக்காகக் காத்திருக்கும் இடமாகவே பார்த்தார்கள். மதராஸ் பூங்காவை இழந்தது இந்தப் பார்வையால்தான். பெங்களூரில் கப்பன் பூங்காவுக்குள்ளும் கட்டடங்கள் வந்தன. ஆனால் கர்நாடகம் 1975-ல் அரசுப் பூங்காக்கள் பாதுகாப்புச் சட்டம் இயற்றி, கப்பன் பூங்காவையும் லால்பாகையும் அதன்கீழ்க் கொண்டுவந்தது. அப்படி ஒரு சட்டம் தன்னைக் காக்கும் அளவுக்குப் பீப்பிள்ஸ் பார்க்கில் அந்த ஆண்டில் மிச்சம் அதிகம் இல்லை.

மிச்சமிருந்தவற்றில் பெரியது உயிர் காலேஜ். இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் அதன் நிலை பரிதாபமாகிவிட்டது. ஒரு பக்கம் ரயில் இரைச்சல், மறுபக்கம் நெடுஞ்சாலைப் புகை, நடுவே குறுகிய கூண்டுகளில் விலங்குகள். கூண்டை விரிக்க இடமில்லை. ரயில்வேக்கோ நிலையத்தை விரிக்க இடம் தேவைப்பட்டது. 1976-ல் வனத்துறை வண்டலூர் காப்புக்காட்டில் 1,265 ஏக்கரை மிருகக்காட்சிசாலைக்கென ஒதுக்கியது. 1979-ல் வேலை தொடங்கியது.

1985 இந்த வரலாற்றின் திருப்புமுனை ஆண்டு. மே 30 அன்று மூர் மார்க்கெட் எரிந்தது. எண்பத்தைந்து ஆண்டு நின்ற சந்தையும் அதன் புத்தகக் குவியல்களும் ஒரே நாளில் சாம்பலாயின. இரண்டு மாதம்கூட ஆகவில்லை; ஜூலை 24 அன்று முதலமைச்சர் எம்.ஜி.ஆர். வண்டலூரில் புதிய உயிரியல் பூங்காவைத் திறந்துவைத்தார். மக்களைப் பூங்காவுக்கு இழுத்துவந்த இரண்டு ஈர்ப்புகளும் ஒரே கோடையில் அந்த மண்ணை விட்டுப் போயின. சந்தை நின்ற இடத்தில் ரயில்வேயின் புறநகர் முனையம் எழுந்தது. அதற்கு இன்றும் மூர் மார்க்கெட் வளாகம் என்றே பெயர். கடைக்காரர்களுக்குக் கிடைத்த மாற்றிடம் அருகிலிருந்த அல்லிக்குளத்தின் மேல் எழுந்த வணிக வளாகம். பூங்காவின் பதினொரு குளங்களில் அல்லி பூத்திருந்த குளம் அது. பிற்காலத்தில் அதே வளாகத்தின் மாடியில் மகளிர் நீதிமன்றம் நடந்ததால், ‘அல்லிக்குளம் நீதிமன்றம்’ என்ற பெயர் நாளிதழ்ச் செய்திகளில் அடிக்கடி அடிபட்டது.

வண்டலூர்ப் பூங்காவுக்கு அறிஞர் அண்ணாவின் பெயர் சூட்டப்பட்டது. காஞ்சிபுரத்து நெசவாளர் குடும்பத்தில் 1909 செப்டம்பர் 15 அன்று பிறந்தவர் அவர். அவர் திராவிட முன்னேற்றக் கழகத்தைத் தொடங்கிய கூட்டமும் ஒரு பூங்காவில்தான் நடந்தது. 1949 செப்டம்பரில், கொட்டும் மழையில், ராயபுரம் ராபின்சன் பூங்காவில் அந்தக் கூட்டம் கூடியது. அந்தப் பூங்காவும் இப்போது அறிஞர் அண்ணா பூங்கா. நகரத்துப் பொதுப் பூங்கா காற்று வாங்க மட்டும் அல்ல, கூடிப் பேசவும் வேண்டிய இடம் என்பதற்குத் தமிழக அரசியல் வரலாற்றில் அதைவிட நல்ல சான்று இல்லை. 1997-ல் காஞ்சிபுரத்தைத் தலைநகராகக் கொண்டு தனி மாவட்டம் அமைந்தபோது, வண்டலூர் அதற்குள் வந்தது. 2019 நவம்பரில் செங்கல்பட்டு மாவட்டம் பிரியும் வரை, பழைய உயிர் காலேஜின் வாரிசு காஞ்சிபுரம் மாவட்டத்தின் பூங்காவாகவே இருந்தது.

புதிய இடத்தில் விலங்குகளுக்கு வாழ்வு மாறியது. கம்பிக்கூண்டுக்குப் பதில் அகழி வந்தது. புலிக்கும் பார்வையாளருக்கும் நடுவே கம்பி இல்லை, பள்ளம் இருக்கிறது. முள்ளும் புதருமாகக் கிடந்த காட்டில் மரங்கள் நடப்பட்டன. வளாகத்துக்குள் இருக்கும் ஓட்டேரி ஏரிக்குக் குளிர்காலத்தில் வலசைப் பறவைகள் தாமாகவே வந்து இறங்குகின்றன. 2016 டிசம்பர் 12 அன்று வந்த வர்தா புயல் ஆயிரக்கணக்கான மரங்களைச் சாய்த்தது. பூங்காவைச் சில வாரங்கள் மூடி வைத்துச் சீர்செய்யவேண்டி வந்தது. சென்ட்ரலிலிருந்து வண்டலூர் சுமார் முப்பது கிலோமீட்டர். உள்ளே போகக் கட்டணம் உண்டு, வாரத்தில் ஒரு நாள் விடுமுறை உண்டு. விலங்குகளுக்குப் பரப்பு பல மடங்கானது. ஆனால் ரயிலை விட்டு இறங்கியவர் காசு கொடுக்காமல் நுழைந்து மரத்தடியில் உட்காரும் இடம் நகரின் நடுவிலிருந்து போய்விட்டது.

பழைய நிலத்தில் எஞ்சியிருப்பது மை லேடீஸ் பூங்கா. அங்கே ஒரு காலத்தில் நகரின் மலர்க் கண்காட்சிகள் நடந்தன. இப்போது மாநகராட்சியின் நீச்சல்குளம் அங்கே இயங்குகிறது. கோடை விடுமுறையில் பெரியமேட்டுப் பிள்ளைகளும் புரசைவாக்கத்துப் பிள்ளைகளும் வரிசையில் நின்று இறங்குகிறார்கள். பொதுக் குளியலிடத்தோடு தொடங்கிய பூங்காவில் தண்ணீர் மட்டும் இன்னும் பொதுவாக இருக்கிறது.

பூங்கா போன பிறகும் அதன் பெயர் ரயில் பாதையில் நிற்கிறது. காஞ்சிபுரத்திலிருந்து செங்கல்பட்டு வழியாகக் கடற்கரை வரை போகும் மின்சார ரயில் வழியில் வண்டலூரில் நிற்கும். பிறகு தாம்பரம், மாம்பலம், எழும்பூர் கடந்து, சென்ட்ரலுக்கு எதிரே ஒரு சிறிய நிலையத்தில் நிற்கும். மஞ்சள் பலகையில் கறுப்பு எழுத்தில் ‘சென்னை பூங்கா’ என்றிருக்கும். பட்டுச் சேலையும் ஆஸ்பத்திரிக் கோப்பும் கையுமாக இறங்குகிறவர்கள் படியேறிச் சாலையைக் கடக்கும்போது, எதிரே தெரிவது சென்ட்ரலின் கடிகாரக் கோபுரம். அதற்கு இடப்புறம் மூர் மார்க்கெட் வளாகம், விக்டோரியா மண்டபம், ரிப்பன் மாளிகை.

(தொடரும்)